கிளிப்பச்சைக்குப் பக்கத்தில் எந்த நிறம் நிற்கும்?

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். முருங்கையிலைத் தூள் பக்கற்றுக்கு லேபல் செய்கிறாராம். நாற்றுப்பச்சை ஒன்று, கிளிப்பச்சை ஒன்று என்று இரண்டு பச்சை எடுத்துவிட்டார், விட மனமில்லை. வெள்ளையில் போட்டால் கண்ணைக் குத்துகிறது, சாம்பலில் போட்டால் சாம்பல் ரோஸ் நிறமாகத் தெரிகிறது, பிறவுண் பேப்பரில் போட்டால் பச்சை செத்துப்போகிறது. எந்த நியூட்ரல் கலர்தான் (வெள்ளை, சாம்பல், கிறீம் மாதிரித் தன்னைக் காட்டிக்கொள்ளாத அடங்கிய நிறம்) இதற்குப் பொருந்தும் என்பது கேள்வி. லேபல், கடை வாசல் பலகை, பேஸ்புக் பக்கம் மூன்றுக்கும் ஒரே கலர்கள் வேண்டுமாம்.

அவசரம் என்றால் இதை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்: பின்னணிக்கு வெள்ளைப் புழுங்கல் அரிசி மாதிரி ஒரு வெளிர் கிறீம், எழுத்துக்குப் பச்சை சாடை கலந்த கரி நிறம், இரண்டு பச்சையும் சேர்த்து லேபலில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். ஏன் என்று தெரிந்தால்தான் நாளைக்கு வேறொரு பொருளுக்கு நீங்களே கலர் எடுக்கலாம், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டிருந்த மூன்று தொல்லைக்கும் மூன்று வேறு காரணம். எல்லாவற்றையும் "மெட்ச் ஆகவில்லை" என்று ஒரே சாக்கில் கட்டினால் விடை வராது.

முதலில் வெள்ளை. நம் கண் பகல் வெளிச்சத்தில் எந்த நிறத்துக்கு அதிகம் விழித்துக்கொள்கிறது என்றால் மஞ்சள் சாய்ந்த பச்சைக்கு, ஏறக்குறைய 555 நானோமீற்றர் அலைநீளத்தில். அதாவது உங்கள் நாற்றுப்பச்சை இருக்கிற பக்கம். கொம்பியூட்டர் திரையிலும் வெளிச்சக் கணக்கில் பச்சைக்குத்தான் பெரிய பங்கு: சிவப்புக்கு 21 வீதம், நீலத்துக்கு 7 வீதம், மிச்சம் 72 வீதமும் பச்சைக்கு. ஆகவே பளிச்சென்ற பச்சை என்பது நிறத்தில் மட்டும் பலமானதல்ல, வெளிச்சத்திலும் வெள்ளைக்குக் கிட்ட நிற்கிற ஒன்று. வெள்ளைக்கு மேல் அதை வைத்தால் இரண்டும் சேர்ந்து கண்ணைக் கூசவைக்கும், ஆனால் ஒன்றிலிருந்து மற்றது பிரிந்து நிற்காது. கண்ணைக் குத்துகிறது, ஆனால் வாசிக்க முடியவில்லை என்கிற வினோதம் இதனால்தான் வருகிறது.

கணக்காகவே பார்ப்போம். கொம்பியூட்டரில் எந்த நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவாக, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஒரு எண்ணால் எழுதுவார்கள். உங்கள் நாற்றுப்பச்சையைச் சிவப்பு 164, பச்சை 210, நீலம் 51 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளிப்பச்சையைச் சிவப்பு 63, பச்சை 174, நீலம் 42 என்று. பார்வை குறைந்தவர்களும் வாசிக்க வேண்டும் என்று இணையப் பக்கங்களுக்கு வைத்திருக்கிற அணுகுதகைமை விதியில் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 வெளிச்ச வேறுபாடு வேண்டும், பெரிய தடித்த எழுத்துக்கு 3க்கு 1. வெள்ளையில் உங்கள் நாற்றுப்பச்சைக்குக் கிடைப்பது 1.8 அளவு, கிளிப்பச்சைக்கு 2.9. இரண்டும் பெயில். இதே பச்சைகளைக் கரி நிறத்தின் மேல் வைத்தால் (சிவப்பு 45, பச்சை 48, நீலம் 42) நாற்றுப்பச்சை 7.5ஐயும் கிளிப்பச்சை 4.6ஐயும் தாண்டுகிறது. அதனால் ஒரு பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள்: பளிச்சென்ற பச்சையில் எழுத்து எழுதுவது. வெளிர் பின்னணியில் பச்சை எழுத்துத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் போத்தல் பச்சை எடுங்கள், சிவப்பு 24, பச்சை 84, நீலம் 36 மாதிரி ஒன்று. கிறீமில் அது 8 அளவுக்கு வாசிக்கும். ஆனால் அது மூன்றாவது பச்சை. இரண்டு பச்சையோடேயே இவ்வளவு மல்லுக்கட்டுகிறோம்.

இந்த இடத்தில் யாராவது வந்து "வயலைப் பாருங்கோ, முழுக்கப் பச்சைதானே, அது கண்ணைக் குத்துதா?" என்று கேட்பார்கள். என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நிறங்களுக்கு எண் கொடுத்து விற்கிற பான்டோன் நிறுவனம் க்ரீனரி என்ற மஞ்சள் சாய்ந்த பச்சையை 2017ஆம் ஆண்டின் நிறமாக அறிவித்தபோதும் பச்சைதான் இயற்கையின் நியூட்ரல் என்ற மாதிரித்தான் சொன்னது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மார்கழியில் இரணைமடுக் குளத்துக்குக் கீழே காலபோக வயலில் போய் நின்று பாருங்கள், கண் எட்டிய மட்டும் பச்சை, கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் குந்தியிருந்து ஒரு நெற்பயிர் முடியை மட்டும் கிட்டப் பாருங்கள். வெயில் படுகிற இலை நாற்றுப்பச்சை, அதன் அடிப்பக்கம் வெளிறிய சாம்பல் பச்சை, இரண்டு தாளுக்கு நடுவில் இருட்டு, அடியில் பழுத்த இலை ஒன்று வைக்கோல் நிறத்தில், அதற்கும் கீழே சேற்றுத் தண்ணீரில் வானத்தின் வெள்ளை. ஒரு கை அகலத்துக்குள் பத்துப் பச்சையும் நான்கு நியூட்ரலும். நீங்கள் லேபலில் போடுவதோ ஒரே பச்சை, நிழலும் இல்லை, இடைவெளியும் இல்லை, தட்டையாகப் பூசிய மை. வயலில் நியூட்ரல் பச்சைக்கு உள்ளேயே கலந்திருக்கிறது, லேபலில் அதை நீங்கள்தான் வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்க வேண்டும், அதுவும் தாராளமாக.

சரி, அடுத்தது சாம்பல். உங்கள் கண்ணில் பிழையில்லை, பிறின்ரரிலும் பிழையில்லை. பலமான ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் நிறமில்லாத ஒன்றை வைத்தால், கண் அந்த நிறத்தின் எதிர் நிறத்தை அதில் ஏற்றிவிடும். பச்சைக்கு எதிர்ப்பக்கம் சிவப்பும் மஜெந்தா என்கிற கடும் ரோஸும், ஆகவே சாம்பல் ரோஸாகிறது. இதை முறையாக எழுதிவைத்தவர் செவ்ரேல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். பாரிஸில் கோபலன் என்ற திரைச்சீலை நெசவாலையில் சாயப் பகுதிக்கு அவர் பொறுப்பு. கறுப்புச் சாயம் கறுப்பாக இல்லை என்று முறைப்பாடு வர, சாயத்தைச் சோதித்துப் பார்த்திருக்கிறார், சாயத்தில் ஒரு குறையும் இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்ததுதான் கறுப்பை மங்க வைத்திருக்கிறது. 1839 இல் இதைப் பெரிய நூலாகவே வெளியிட்டார். கிட்டத்தட்ட இருநூறு வருடம் கழித்து அதே முறைப்பாடு ஒட்டுசுட்டானிலிருந்து வருகிறது, அவ்வளவுதான்.

இதற்கு மருந்து சுலபம். சுத்தச் சாம்பலை எடுக்காதீர்கள், அந்தச் சாம்பலிலேயே ஒரு சொட்டுப் பச்சையைக் கலந்துவிடுங்கள். 128, 128, 128 என்று மூன்றும் ஒன்றாக இருப்பதை 126, 131, 120 என்று மாற்றிப் பாருங்கள். தனியாகப் பார்த்தால் லேசாகப் பச்சையடிக்கும், பச்சைக்குப் பக்கத்தில் வைத்ததும் சுத்தச் சாம்பலாகத் தெரியும். மேலே சொன்ன கரி நிறத்திலும் பச்சை எண் மற்ற இரண்டையும் விடக் கொஞ்சம் கூட இருப்பது இதற்காகத்தான். ஆனாலும் உங்கள் லேபலுக்கு நடுச்சாம்பல் வேண்டாம் என்பேன். கிளிப்பச்சைக்கும் நடுச்சாம்பலுக்கும் வெளிச்ச வேறுபாடு மிகக் குறைவு, 1.4 கூட வராது, ஓரம் ஆடுகிற மாதிரி இருக்கும். அதோடு சாம்பல் நிறப் பக்கற்றில் தின்கிற சாமான் என்றால் இங்கே ஆட்கள் கையில் எடுத்துப் பார்க்க யோசிப்பார்கள், சீமெந்து ஞாபகம் வரும்.

இதே கண் விளையாட்டு உங்கள் தூளிலும் நடக்கும், இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் லேபலை விட இது முக்கியம். பக்கற்றில் தூள் தெரிகிற மாதிரிக் கண்ணாடி ஜன்னல் விடுவீர்கள்தானே? நல்ல முருங்கையிலைத் தூள், நிழலில் காயவைத்தது, மங்கலான பச்சை. அதை ஒட்டியே கிளிப்பச்சைக் கரை போட்டால் தூள் பழுப்படித்த பழைய சரக்கு மாதிரித் தெரியும். சாமான் புதிதாகத்தான் இருக்கும், லேபல் அதைப் பழையதாக்கிவிடும். ஜன்னலைச் சுற்றி அரை அங்குலமாவது கிறீம் விடுங்கள், பச்சையை மேலே பெயர்ப் பக்கம் கொண்டுபோங்கள். கிறீமுக்குப் பக்கத்தில் அதே தூள் எவ்வளவு பச்சையாகத் தெரிகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள். இதைச் சோதிக்கக் கொம்பியூட்டர் வேண்டாம், தூளை வெள்ளைத் தட்டில் ஒரு கரண்டி போட்டு ஒருபக்கம் வாழைக்குருத்தையும் மறுபக்கம் வைக்கோலையும் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, பிறவுண் பேப்பர். இதில் நானே கையைச் சுட்டுக்கொண்டவன். சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மா கச்சான் பக்கற் அடிக்க வந்தார், இயற்கைச் சாமான் என்றால் பிறவுண் பைதான் என்று நான்தான் பெரிய ஆள் மாதிரிச் சொன்னேன். திரையில் பிறவுணுக்கு மேல் நாற்றுப்பச்சை அப்படி ஒரு அழகு. ஐந்நூறு பை அடித்து வந்தது. அம்மா ஒன்றைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது குளத்துக்கரையில காய்ஞ்ச பாசி மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். மறுபேச்சு இல்லை, பாசியேதான்.

நடந்தது இதுதான். அச்சு மை பெயின்ற் மாதிரி மூடாது, கண்ணாடி மாதிரி ஊடுதெரியும், பேப்பரின் நிறம் அதனூடாக வரும். அச்சில் பச்சை என்பது சயன் என்கிற வெளிர் நீல மையும் மஞ்சளும். பிறவுண் பேப்பருக்குள் இருப்பதோ மஞ்சளோடு சிவப்புச் சாயலும் கறுப்புச் சாயலும். சிவப்புச் சாயல் பச்சையின் எதிரி, இரண்டும் சேர்ந்தால் மண்தான். பிறவுணில் பச்சை அடிக்க வேண்டுமென்றால் அடியில் வெள்ளை மை ஒரு தட்டு ஓட வேண்டும், அது எல்லா அச்சகத்திலும் இல்லை, இருந்தாலும் செலவு. இல்லையென்றால் பிறவுண் பையில் கறுப்பெழுத்து மட்டும் அடித்து, பச்சையைத் தனி ஸ்ரிக்கராக வெள்ளைப் பேப்பரில் அடித்து ஒட்டலாம். அந்த ஐந்நூறு பைக்கும் கடைசியில் நான் அதைத்தான் செய்துகொடுத்தேன், என் காசில்.

கிறீம் ஏன் வேலை செய்கிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. கிறீம் என்பது வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள். உங்கள் இரண்டு பச்சையிலும் ஏற்கெனவே மஞ்சள் நிறைந்துதான் இருக்கிறது, பேப்பரிலிருந்து இன்னும் ஒரு பிடி மஞ்சள் வந்தால் ஒன்றும் கெடாது. இதனால் கிறீம் நிறப் பேப்பரிலேயே நேரே அடிக்கலாம், வெள்ளைப் பேப்பரில் கிறீமை அச்சடித்தும் எடுக்கலாம். திரைக்குச் சிவப்பு 246, பச்சை 241, நீலம் 228 என்று வையுங்கள். கரி நிற எழுத்து இதில் கிட்டத்தட்ட 12க்கு 1 வரும், வயதானவர்களும் கண்ணாடி தேடாமல் வாசிப்பார்கள். உங்கள் பச்சைகள் நீலம் சாய்ந்தவையாக, மயில்பச்சைப் பக்கம் இருந்திருந்தால் நான் கிறீமைச் சொல்லியிருக்க மாட்டேன், மருத மரப் பட்டை மாதிரி வெளிறிய குளிர்ச் சாம்பலைச் சொல்லியிருப்பேன். நியூட்ரல் என்றால் நிறமே இல்லாதது என்று நினைக்கிறோம், அப்படி ஒன்று கடையிலும் இல்லை காட்டிலும் இல்லை. மருதம்பட்டை ஒரு சாம்பல், பனந்தண்டு ஒரு சாம்பல், இரண்டு மழை கண்ட கிடுகு இன்னொரு சாம்பல், கோடையில் வெடித்த குளத்துக் களி வேறொன்று. ஒன்று நீலம் பக்கம் போகும், ஒன்று மஞ்சள் பக்கம். உங்கள் பச்சை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே நியூட்ரலும் சாயட்டும்.

அதற்காக மஞ்சள் சாய்வு என்றதும் வைக்கோல் நிறத்துக்குப் பாய வேண்டாம். சிவப்பு 222, பச்சை 208, நீலம் 176 என்கிற வைக்கோலில் நாற்றுப்பச்சையை வைத்தால் நிறம் வேறு, வெளிச்சம் ஒன்று. வேறுபாடு 1.2க்கும் குறைவு. இதைப் பிடிக்க ஒரு சின்ன வேலை: டிசைனைப் போனில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எது எதில் கரைந்து காணாமல் போகிறதோ அந்த இரண்டையும் பக்கத்தில் வைக்காதீர்கள். சிவப்பு, பச்சை பிரித்தறியக் கஷ்டப்படுகிற ஆட்கள் எங்கள் ஒவ்வொருவர் வீட்டுப் பக்கத்திலும் இருப்பார்கள், பச்சையும் பழுப்பும் அவர்களுக்கு ஒன்றுபோலத் தெரியலாம். அவர்களுக்கும் இந்தச் சோதனை உதவும். வைக்கோல் நிறம் வேண்டுமென்றால் கீழே ஒரு மெல்லிய பட்டியாக, பச்சையைத் தொடாமல்.

அச்சுக்குக் கொடுக்கும்போது இன்னொன்று. திரையில் இருக்கிற பச்சை சயன், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்கிற நான்கு மையில் அப்படியே வராது, எந்த அச்சகமும் அதைத் தர முடியாது, சண்டை பிடித்துப் பயனில்லை. ஆனால் கிட்டக் கொண்டுவரலாம். நாற்றுப்பச்சைக்கு சயன் 40 வீதம், மஞ்சள் 100 வீதம். கிளிப்பச்சைக்கு சயன் 78, மஞ்சள் 100. மஜெந்தாவும் கறுப்பும் இரண்டிலும் சுழியம். மென்பொருள் தானாக மாற்றும்போது மஜெந்தாவில் ஐந்தோ பத்தோ நுழைந்திருக்கும், அதைத் தேடிப் பிடித்து எடுத்துவிடுங்கள். பச்சையை ஊத்தையாக்குவது பெரும்பாலும் அந்தப் பத்துத்தான்.

கடை வாசல் பலகைக்கு வருவோம். அங்கே வெயிலும் புழுதியும் உங்களுக்கு மேலே டிசைனர்கள். பிளெக்ஸில் அடித்த பச்சை வெயிலில் நின்றால் மஞ்சள் மைதான் முந்தி ஓடும், சயன் நின்றுபிடிக்கும், ஆகவே பச்சைப் பலகை போகப்போக நீலமாகும். ஏ9 வீதியால் பஸ்ஸில் போகும்போது பழைய பலகைகளைப் பாருங்கள், நீல மரமும் நீல வாழையிலையும் எத்தனை. பச்சை பெரிய பரப்பாக இருந்தால் இது பளிச்சென்று தெரியும், சின்னதாக இருந்தால் அவ்வளவு இல்லை. வசதி இருந்தால் பலகையில் பச்சையை மட்டும் வெளிப்பாவனைக்கான வினைல் ஒட்டாகவோ எனாமல் பெயின்றாகவோ போடுங்கள், அது அதிக காலம் நிற்கும். வெள்ளைப் பின்னணி கிரவல் றோட்டுக் கரையில் ஆடி மாதம் தாங்காது, சோளகக் காற்றுக்குச் செம்புழுதி ஏறி ஒரு மாதத்தில் அழுக்குத் துணி மாதிரி ஆகிவிடும். கிறீம் அதையும் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும். பலகைக்கு நான் கிறீமில் லேபலை விட ஒரு சாடை மண்நிறம் கூட்டுவேன், யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

அப்புறம் ஒரு விஷயம், கலர் புத்தகங்களில் இருக்காது. பச்சைக்கு அருமையான நியூட்ரல் என்று வெளிநாட்டு டிசைனர்கள் முதலில் எடுப்பது காக்கியும் ஒலிவ்வும். பார்க்க அழகுதான், கணக்குப்படியும் சரிதான். வன்னியில் போடாதீர்கள். அந்த இரண்டு நிறமும் பக்கத்தில் நின்றால் இங்கே ஒரு தலைமுறைக்கு முருங்கையிலை ஞாபகம் வராது, யுத்த காலச் சீருடை ஞாபகம்தான் வரும், அதை ஒரு கறிச்சாமான் பக்கற்றில் ஏன் கிளற வேண்டும். வெறும் பச்சையும் வெள்ளையும் என்றால் தேர்தல் காலத்தில் கட்சிப் பதாகை என்று நினைப்பார்கள், அது சின்னத் தொல்லை, சிரித்துவிட்டுப் போகலாம். முதலாவது அப்படியல்ல.

இரண்டு பச்சையையும் எப்படிப் பங்கிடுவது என்று கேட்டால், சமமாகக் கொடுக்காதீர்கள், சம பங்கு கொடுத்தால் இரண்டும் தள்ளுப்பட்டுக்கொண்டு நிற்கும். கிளிப்பச்சை முன்னுக்கு: பெயருக்குப் பின்னால் வருகிற பட்டை, இலைப் படம். நாற்றுப்பச்சை குருத்து மாதிரி ஒரு இடத்தில் மட்டும், இலையின் நரம்பிலோ எடை எழுதிய வட்டத்திலோ. அந்த வட்டத்துக்குள் எழுத்து கரி நிறம், வெள்ளை அல்ல. பேஸ்புக் படத்துக்கு மட்டும் தலைகீழாக்கலாம், கரி நிறம் பின்னணி, பச்சை மேலே. திரையில் இருட்டுக்கு மேல் நாற்றுப்பச்சை மின்மினி மாதிரி எரியும், போனில் விரலால் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். இதே கரிப் பின்னணியை லேபலில் செய்யாதீர்கள், மை கூடத் தேவைப்படும், பக்கற் மடிகிற இடத்தில் வெள்ளைக் கீறல் விழும்.

ஐந்நூறு அடிக்க முன் ஐந்து அடியுங்கள். ஐந்தையும் தூள் நிரப்பிய பக்கற்றிலேயே ஒட்டி, ஒன்றை மத்தியான வெயிலிலும் ஒன்றைக் கடை ரியூப் வெளிச்சத்திலும் வையுங்கள், ரியூப் வெளிச்சத்தில் கிறீம் வெளிறி வெள்ளையாகத் தெரிந்தால் மஞ்சளை இரண்டு வீதம் கூட்டச் சொல்லுங்கள். ஒன்றை ஒட்டுசுட்டான் சந்தியில் ஏதாவது கடைத் தட்டில் மற்றச் சாமான்களுக்கு நடுவில் வைத்துப் பத்தடி தள்ளி நின்று படமெடுத்து அனுப்புங்கள். ஃபில்டர் போடாமல்.